முத்தியால்பேட்டையில் இரண்டு முறை ஓடிய படங்கள்

புதுச்சேரியில் மாற்று சினிமா பார்க்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் திரையிடல்கள் நடக்கின்றன. அந்த நிறுவனமும் நவதர்சன் திரைப்படக் கழகமும் அரசின் செய்தி விளம்பரத் துறையும் சேர்ந்து நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவில் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் விருது தருகிறார்கள். சுவாமிகள் 1922ல் கண்மூடியது இந்த ஊரில்தான் என்பதால் அந்தப் பெயர் மிகப் பொருத்தம். வடக்கே போனால் ஆரோவில்லில் சினிமா பாரடைசோ என்ற திரையரங்கு இருக்கிறது. இத்தனை இருந்தும் ஒரு வகைப் படத்துக்கு மட்டும் இங்கே பார்வையாளர் வட்டம் விரியவில்லை. கதை சொல்லாத, நாலு நிமிடமோ பதினைந்து நிமிடமோ ஓடுகிற, ஓவியர்களும் கவிஞர்களும் தனியாட்களாக எடுத்த சோதனைப் படங்களைச் சொல்கிறேன். அவற்றைப் போட்டால் ஏற்கெனவே தெரிந்த முகங்களே வரும். பழைய பிரெஞ்சுக் குடியிருப்பை மற்ற ஊரிலிருந்து பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கேயோ வடக்கேயோ இருப்பவர்கள் வருவது அபூர்வம்.

"மக்களுக்குப் புரியாது" என்பதுதான் இதற்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புரியவில்லை என்று எழுந்து போனவர்கள் அந்தப் படங்களை ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார்கள்; அதுவும் வெளிச்சம் கசியும் அறையில், புரியாத மொழியில் அரை மணி நேர அறிமுக உரை கேட்ட களைப்போடு. இந்த மூன்றையும் மாற்றினால் என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து போன மாசியில் முத்தியால்பேட்டையில் ஒரு மாலை ஏற்பாடு செய்தோம். அங்கே நடந்ததன் பதிவு இது. இப்படி ஒன்றை வேறு ஊரில் நடத்த நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் மின் இணைப்பு முதல் படவரிசை வரை விரிவாகவே எழுதுகிறேன்.

இடம்

முகூர்த்தம் இல்லாத நாளில் சின்னக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடம் எங்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. முதல் மாடி. ஐம்பது அறுபது பேர் தாராளமாக உட்காரலாம். பந்தி போடும் மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டால் நல்ல நீளமான அறை. சிக்கல் என்னவென்றால் சாப்பாட்டுக் கூடம் என்பது பளிச்சென்று இருப்பதற்காகவே கட்டப்படுவது. தரையில் வெள்ளை டைல்ஸ், இடுப்புயரம் வரை சுவரிலும் டைல்ஸ், அதற்கு மேலே எண்ணெய்ப் பெயின்ட். திரையிலிருந்து திரும்பும் வெளிச்சம் இவை எல்லாவற்றிலும் பட்டு மறுபடி திரையிலேயே போய் விழும். அப்புறம் படத்தில் கறுப்பு என்று ஒன்று இருக்காது, சாம்பல்தான் இருக்கும்.

திரைக்கு முன்னால் பத்தடி தூரத்துக்கு ஜமக்காளம் விரித்தோம். பக்கச் சுவர்களில் கறுப்புத் துணி தொங்கவிட்டோம். தெருப்பக்கம் நாலு ஜன்னல், எதிரே தெருவிளக்கு. தார்ப்பாயை இரண்டாக மடித்துக் கட்டியும் ஓரங்களில் கோடு கோடாக வெளிச்சம் வந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஆணியடித்துத்தான் அதை நிறுத்த முடிந்தது. மாசியில் இங்கே சூரியன் மறைவது ஏறக்குறைய ஆறேகாலுக்கு. முழு இருட்டு வர இன்னும் அரை மணி ஆகும். அதனால் அழைப்பிதழில் ஏழு மணி என்று போட்டோம்.

இருட்டு பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. 1970ல் நியூயார்க்கில் சோதனைப் படங்களுக்கான காப்பகமான ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்கைவ்ஸ் தொடங்கியபோது ஆஸ்திரியத் திரைப்படக்காரர் பீட்டர் குபெல்கா அவர்களுக்காக ஓர் அரங்கை வடிவமைத்தார். சுவர், கூரை, தரை, இருக்கை எல்லாம் கறுப்பு. ஒவ்வொரு இருக்கைக்கும் தலைப்பக்கம் தடுப்பு. பக்கத்தில் இருப்பவர்கூடக் கண்ணில் படக்கூடாது, திரை மட்டுமே தெரிய வேண்டும் என்பது எண்ணம். பக்கத்துத் தடுப்பை நான் ஏற்கமாட்டேன். நம் ஊரில் பக்கத்தில் இருப்பவரின் மூச்சும் 'உச்' கொட்டலும் சேர்ந்ததுதான் படம் பார்ப்பது. ஆனால் கறுப்பு விஷயத்தில் அவர் சொன்னது முழுக்கச் சரி. மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கிறது. இரண்டு படங்களுக்கு நடுவே ஒருவர் டியூப் லைட்டைப் போட்டால் அத்தனையும் வீண். அதனால் எல்லாப் படங்களையும் நடுநடுவே கறுப்பு இடைவெளி வைத்து ஒரே வரிசையாகக் கோத்துவைத்தோம். பேசும் நேரத்தில்கூடப் பின்னால் ஒரேயொரு மஞ்சள் குண்டு பல்புதான் எரிந்தது.

படம் ஓட்டியவர்

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர்தான் புரொஜெக்டர் கொண்டுவந்தார். இப்போதெல்லாம் கல்யாணங்களில் எல்.இ.டி. திரை வந்துவிட்டதால் அவருடைய புரொஜெக்டர் பெரும்பாலும் உறையிலேயே கிடக்கிறது. எங்களுக்கும் எல்.இ.டி. திரையே நல்லது என்றார். "வெளிச்சம் சும்மா அள்ளும் தம்பி, லைட்டெல்லாம் அணைக்கவே வேணாம்" என்றார். அணைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை என்று சொல்லி, ஒரு படத்தின் இரண்டு நிமிடத்தைச் சுவரில் போட்டுக் காட்டினோம். பிறகு அவரே எங்களைவிடக் கறாரானவராக மாறிவிட்டார்.

அவரோடு உட்கார்ந்து சரிசெய்த விஷயங்கள் சில. புரொஜெக்டரில் காட்சிக்கு ஏற்ப விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தானியங்கி வசதி இருக்கும். விளையாட்டு ஒளிபரப்புக்கு அது நல்லது. நீண்ட கறுப்புக்குப் பிறகு சட்டென்று வெள்ளை வரும் படத்தில் அந்த வெள்ளை மெல்ல மெல்லத்தான் ஏறும், வெட்டு மழுங்கிப்போகும். அதை நிறுத்தினோம். 16 மி.மீ. அகலப் பிலிமில் எடுத்த படங்கள் ஏறக்குறைய நாலுக்கு மூன்று என்ற சதுரத்துக்கு நெருங்கிய சட்டகம் (ஃபிரேம்) கொண்டவை. திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் முகங்கள் அகலமாகிவிடும். அண்ணனின் கை பழக்கத்தில் அந்த பட்டனுக்கே போகும். இரண்டு பக்கமும் கறுப்புத் துணி மடித்துத் திரையையே படத்தின் அளவுக்குக் குறைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது.

மடிக்கணினி வினாடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பிக்கிறது. படமோ வினாடிக்கு இருபத்துநாலு சட்டகம். இருபத்துநாலு அறுபதில் சீராக அடங்காது. ஒரு சட்டகம் மூன்று துடிப்பு நிற்கும், அடுத்தது இரண்டு துடிப்பு. சாதாரணப் படத்தில் கண் இதை மன்னித்துவிடும். ஒவ்வொரு சட்டகமும் வேறு வேறாக இருக்கும் படத்தில் தாளமே கெட்டுவிடும். வெளியீட்டை இருபத்துநாலுக்கு மாற்றிவைக்க அண்ணனின் புரொஜெக்டர் இடம்கொடுத்தது.

ஸ்பீக்கரில் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு சாக்கெட்டில் இருந்ததால் எர்த் வழியாக வந்த 'ம்ம்ம்'. ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இரண்டையும் செருகியதும் போனது. கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்குப் பின்னால் இந்த இரைச்சல் யாருக்கும் கேட்காது. மௌனப் படம் போடும் அறையில் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது.

வினாடிக்குப் பலமுறை மின்னும் ஒளியையே பொருளாகக் கொண்ட படங்களை அன்று சேர்க்கவில்லை. அவை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. டோனி கான்ராட் 1966ல் எடுத்த 'தி ஃப்ளிக்கர்' எச்சரிக்கை வாசகத்தோடுதான் தொடங்குகிறது. யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத, குழந்தைகளும் வரக்கூடிய கூடத்தில் வாசல் அறிவிப்பு மட்டும் போதாது என்று முடிவெடுத்தோம்.

முதல் முறையும் இரண்டாம் முறையும்

வந்தவர்கள் கையில் ஒரே ஒரு தாள் கொடுத்தோம். படத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர், எத்தனை நிமிடம், ஒலி உண்டா இல்லையா. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. கீழே ஒரு குறிப்பு: சில படங்கள் இரண்டு முறை போடப்படும், நடுவில் பேசலாம். மேடைப் பேச்சு, பொன்னாடை, வரவேற்புரை எதுவும் வைக்கவில்லை. தாளும் பேச்சும் தமிழில் மட்டும்.

சோலை நகர் மீனவர் குடியிருப்பிலிருந்து பெண்கள் சிலர், பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள், மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள், பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மூத்த கூத்துக் கலைஞர், மண்டபக் காவலாளியின் குடும்பம், இத்துடன் எப்போதும் வரும் எங்கள் கூட்டம். நாற்காலியை விட்டுவிட்டுப் பாதிப் பேர் ஜமக்காளத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள்.

முதல் படம் பிரமோத் பதி 1972ல் மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 'ஆபித்'. ஓவியர் ஆபித் சூர்த்தியை ஓர் அறைக்குள் நிறுத்தி, உயிருள்ள மனிதரையே பொம்மையை அசைப்பதுபோல் சட்டகம் சட்டகமாக எடுத்த படம். அறையின் சுவரெல்லாம் வண்ணம் ஏறிக்கொண்டே போகும். பதி செக்கோஸ்லோவாகியாவில் ஈர்ஷி த்ர்ன்காவிடம் பொம்மை அசைவூட்டம் கற்றவர். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் குழந்தைகளைப் பார்த்துச் சிரித்தார்கள், கூடம் இளகியது. அரசுப் பணத்தில், தியேட்டர்களில் கட்டாயமாகக் காட்டப்பட்ட செய்திப்படங்களுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒன்று உருவாக முடிந்தது என்பதை ஓவிய மாணவர்களால் நம்ப முடியவில்லை. ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948ல் தொடங்கி 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. அதன் கிடங்கில் இருப்பதை நம் கல்லூரிகள் பாடத்தில் வைக்காதது பெரும் இழப்பு.

அடுத்தது அமெரிக்கச் சோதனைப் படக்காரர் ஸ்டான் பிரேக்கேஜின் 'மாத்லைட்', 1963. ஏறக்குறைய நாலு நிமிடம். கேமராவே இல்லாமல் எடுத்த படம். விளக்கில் விழுந்து செத்த விட்டில் பூச்சிகளின் றெக்கைகள், புல், இலை, பூவிதழ் எல்லாவற்றையும் 16 மி.மீ. அளவுள்ள ஒட்டு நாடா இரண்டுக்கு நடுவே வைத்து அழுத்தி, அதையே அச்செடுத்து ஓட்டியது. ஒலி கிடையாது. இதில் எதையும் நாங்கள் முன்னால் சொல்லவில்லை. தாளில் 'ஒலி இல்லை' என்று இருந்தது. இருட்டில் தாளை யார் பார்க்கிறார்கள்? படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பிப் புரொஜெக்டரைப் பார்த்தன. "சவுண்டு வரலண்ணே" என்று ஒரு பையன் சத்தமாகவே சொன்னான். இன்னொருவர், "டேப்பு கெட்டுப்போச்சு போல" என்றார். நாலு நிமிடம் முடிந்து கறுப்பு விழுந்தது. அப்போதுதான் நண்பர் ஒருவர் எழுந்து, இது எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும் நாலு வாக்கியத்தில் சொன்னார். எதற்காக, என்ன அர்த்தம் என்பதைத் தொடவே இல்லை. உடனே மறுபடி போட்டோம்.

இரண்டாம் முறை கூடம் வேறாக இருந்தது. "றெக்கை... அது இலை... நரம்பு பாரு" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். "சவுண்டு வரல" என்ற அதே பையன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் தெருவிளக்கில் ஈசல் மொய்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தில் அந்நியமாக ஒன்றுமே இல்லை. விளக்கில் விழுந்து செத்தவை மறுபடி ஒரு விளக்கின் முன்னால் பறக்கின்றன. காவலாளியின் மனைவி இதைச் சொன்னார்: "செத்ததத் திரும்பப் பறக்க வுட்டுட்டாரு." இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த நீண்ட கட்டுரைகள் சிலவற்றில் இதற்கு மேல் எதுவும் இல்லை.

அதற்கடுத்து உள்ளூர் இளைஞர் ஒருவரின் வீடியோ. குருசுக்குப்பத்துக்கு வடக்கே கடலோரக் கருங்கற்களை நோக்கி ஒரே இடத்தில் வைத்த கைப்பேசிக் கேமரா, ஒன்பது நிமிடம், வெட்டே இல்லை. இதை ஒரு முறைதான் போட்டோம். இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. சினிமா படித்தவர்கள் நெளிந்தார்கள்; சோலை நகர்ப் பெண்கள் அசையவில்லை. முடிந்ததும் அவர்களில் ஓர் அம்மா, "இது வாடையில எடுத்தது. சோழகத்துல தண்ணி இப்படி வந்து மோதாது" என்றார். வாடை வடக்கிலிருந்து வீசும் காற்று, சோழகம் தெற்கிலிருந்து வீசுவது. மார்கழியில் எடுத்தது என்று இளைஞர் ஒத்துக்கொண்டார். பிறகு பேச்சு கல்லைப் பற்றித் திரும்பியது. 1980களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் வடக்கே போகும் மணல் நின்று கரை அரித்தது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே இன்னும் அரித்தது, 2018ல் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபிறகு அங்கே மட்டும் மணல் திரும்பியது. எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் ஆண்டுவாரியாகச் சொன்னார்கள். படம் எடுத்தவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஒரே சட்டகத்தை ஒன்பது நிமிடம் பார்ப்பது யாருக்குக் கடினம், யாருக்கு எளிது என்பதில் நாம் வைத்திருக்கும் கணக்கு தலைகீழானது.

அன்றைய மாலையின் நடுத்தூண் மாயா டெரன், அலெக்சாண்டர் ஹாமிட் இருவரும் 1943ல் லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்'. பதினாலு நிமிடம். எடுத்தபோது அதற்கு ஒலி இல்லை. டெய்ஜி இட்டோவின் இசை 1959ல் சேர்க்கப்பட்டது. அதனால் முதல் முறை மௌனமாகவும் இரண்டாம் முறை இசையோடும் போடுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு பெண் வீட்டுக்குத் திரும்புகிறாள், சாவி கைநழுவிப் படியில் விழுகிறது, ரொட்டியில் கத்தி செருகியிருக்கிறது, ஃபோன் ரிசீவர் கீழே கிடக்கிறது, நாற்காலியில் தூங்கிப்போகிறாள். பிறகு அதே வருகை மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் ஒன்று இடம் மாறியிருக்கும். முகத்துக்குப் பதிலாகக் கண்ணாடி உள்ள கறுப்பு உருவம் பூவோடு நடந்து போகும்.

மௌனமாக ஓடியபோது கூடத்தில் பயம் இருந்தது. "பேய்ப் படமா?" என்று கேட்டார்கள். நடுவில் பேச விட்டோம். சாவி எத்தனை தடவை வந்தது, கத்தி முதலில் எங்கே இருந்தது என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள். அர்த்தம் கேட்டவர்கள் குறைவு; பொருட்களின் கணக்கு கேட்டவர்களே அதிகம். இது சரியான கேள்வி என்பது என் எண்ணம். அந்தப் படம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இரண்டாம் முறை இசையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வீடியோ அண்ணன் "நிறுத்து நிறுத்து" என்று தன்னையே அதட்டிக்கொண்டு படத்தை நிறுத்திவிட்டார். கத்தியோடு அந்தப் பெண் எழுந்து நடக்கும் இடம். "ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு எடத்துல வுழுது பாருங்க. மணல்ல ஒண்ணு, புல்லுல ஒண்ணு, அப்புறம் சிமென்ட்டு, அப்புறம் வீட்டுக் கம்பளம். காலு நிக்கவே இல்ல. ஒரே நடை!" முப்பது வருடமாகத் தாலி கட்டுவதையும் அட்சதை விழுவதையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கண் அதைப் பிடித்தது. மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க உலகத்தையே தாண்ட வேண்டியிருக்கிறது என்று ஓவிய மாணவி ஒருவர் சொன்னார். ஓடும் படத்தை நிறுத்துவது என்பது நான் பொதுவாக ஒத்துக்கொள்ளாத காரியம். அன்று அது சரியாகவே பட்டது, காரணம் அது இரண்டாம் முறை.

பாகூர்க் கூத்துக் கலைஞர் அதுவரை வாய் திறக்கவில்லை. தேநீர் வந்தபோது சொன்னார்: "பதினெட்டாம் போர் கூத்துல துரியோதனன் சாவான்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிஞ்சுதான விடிய விடிய உக்காந்திருக்கோம்? அடுத்தது என்னான்னு பாக்குற வேல இல்ல. எப்படி வர்றான், எப்படி சுத்துறான், எப்படி வுழுறான், அதான் பாக்குறது. நீங்க ரெண்டாவது தபா போட்டப்பதான் எனக்குக் கூத்து பாக்குற கண்ணு வந்துச்சு."

நான் வாதமாக வைக்க நினைத்ததை அவர் அனுபவமாகச் சொல்லிவிட்டார். கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவில், துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகச் செய்து வீழ்த்தும் அதே படுகளத்தை ஆண்டுதோறும் பார்க்கும் சனங்கள் இவர்கள். 'அடுத்து என்ன' என்ற பதற்றம் இல்லாமல் பார்க்கும் பயிற்சி இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. சோதனைப் படம் கேட்பதும் அதே பார்வையைத்தான். முதல் தடவை பார்க்கும்போது யாராக இருந்தாலும் கதையைத் தேடியே தீருவார்கள். தேடி, கிடைக்காமல் களைக்கும் நேரத்தில் படம் முடிந்துவிடுகிறது. நம்மவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் கண் திறப்பதற்கு ஒரு முறை போதாது. குபெல்காவும் தன் படங்களை ஒரே அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை போட்டுக் காட்டுபவர்தான்.

இப்படி ஒரு கூடத்தைத் தாங்களே பிடித்து, தாங்களே படம் ஓட்டுவதும் புதிதல்ல. டெரன் 1946ல் நியூயார்க்கில் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் நாடக அரங்கை வாடகைக்கு எடுத்துத் தன் படங்களைத் தானே திரையிட்டார். அதைப் பார்த்துத் தூண்டப்பட்ட ஏமோஸ் வோகல் 1947ல் 'சினிமா 16' என்ற திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். அதே 1947ல்தான் இங்கே சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள்.

சங்கு

தேநீருக்கும் சுண்டலுக்கும் பிறகு போட்டது ஓர் இளம்பெண்ணின் வீடியோ, பதினோரு நிமிடம். அவருடைய அப்பா ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில் வேலை பார்த்தவர். ஊர்க்காரர்களுக்கு அது ரோடியர் மில். 1898ல் தொடங்கிய ஆலை, 2020ல் மூடப்பட்டது. புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்மேல் 1936 ஜூலை 30ல் பிரெஞ்சு அரசின் படை சுட்டுப் பன்னிரண்டு பேர் இறந்ததும், அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக எட்டு மணி நேர வேலை சட்டமானதும் இங்கே ஒவ்வொரு குடும்பமும் அறிந்த கதை. அதைப் படம் சொல்லவே இல்லை. திரையில் முதலியார்பேட்டைத் தெருக்கள்: காலையில் கோலம், பூட்டிய டீக்கடை, மில் சுவரோரம் முளைத்த செடி. ஒலியில் வேலை நேரத்தை ஊருக்கு அறிவிக்கும் மில் சங்கு. அசல் சங்கின் பதிவு கிடைக்காததால் அப்பாவையே வாயால் ஊதிக் காட்டச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். "ஊஊ" என்று எழுந்து, மூச்சு போதாமல் நடுவில் உடைந்து, மறுபடி பிடித்து. பதினோரு நிமிடமும் அதுதான்.

முதல் முறை முடிந்ததும் சில நொடி ஒன்றும் இல்லை. பிறகு ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் எழுந்தார். "பாப்பா, உங்கப்பா காலைச் சங்கு ஊதுறாரு. ராச்சங்கு இப்படி இல்ல, இன்னும் இழுக்கும்" என்று சொல்லி ஊதியே காட்டினார். இன்னொருவர் அதை மறுத்து வேறு மாதிரி ஊதினார். எந்தச் சங்குக்கு எழுந்திருப்பது, எந்தச் சங்குக்கு உலை வைப்பது என்று பெண்கள் பக்கத்திலிருந்து விவரம் வந்தது. இந்தப் படத்தை இரண்டு முறை போடும் திட்டமே எங்களிடம் இல்லை. கூடம் கேட்டு வாங்கியது. இரண்டாம் முறை திரையில் தெரு ஓட, ஸ்பீக்கரில் அப்பா ஊத, கூடத்திலிருந்தும் அங்கங்கே சங்கு எழுந்தது. அப்பா முன்வரிசையில்தான் இருந்தார். மூச்சு உடையும் இடத்தில் மற்றவர்கள் இழுத்து முடித்தார்கள்.

உலகப் படங்களோடு உள்ளூர்ப் படத்தைச் சேர்த்துப் போடும்போது உள்ளூர்ப் படம் சலுகையில் சேர்க்கப்பட்டதுபோல் தெரியும் ஆபத்து எப்போதும் உண்டு. டெரனுக்குப் பிறகு இந்தப் படம் ஒரு மாற்றுக்கூடக் குறையாமல் நின்றது. காரணம் இரண்டிலும் அதே வேலை நடக்கிறது: ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் எது மாறுகிறது என்று கவனிக்கச் செய்வது. நிகழ்ச்சி வரிசை போடுபவரின் வேலை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். நாட்டுவாரியாகவோ ஆண்டுவாரியாகவோ அடுக்குவது நூலக வேலை.

கூடல்

கடைசிப் படம் ஓவியர் தயப் மேத்தா 1970ல் எடுத்த 'கூடல்'. இதுவும் ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு. பதினாறு நிமிடம். பம்பாயில் இருந்த ஓவியர் தமிழ்ப் பெயர் வைத்து எடுத்தது. மேத்தா ஓவியக் கல்லூரிக்குப் போகும் முன் படத்தொகுப்பு வேலை பார்த்தவர். பாந்த்ரா அறுப்புக்கூடத்தில் எருமை வெட்டப்படும் காட்சிகள் இதில் உண்டு. அவருடைய ஓவியங்களில் கால் கட்டப்பட்டு விழும் காளை வாழ்நாள் முழுதும் வந்துகொண்டே இருந்தது.

இதற்கு மட்டும் முன்னால் தெளிவாகச் சொன்னோம். குழந்தைகளைக் கீழே அழைத்துப்போய்க் காவலாளியின் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தோம். பார்க்க விரும்பாதவர்கள் கிளம்பலாம் என்றோம். சிலர் கிளம்பினார்கள், மணி ஒன்பதைத் தாண்டியிருந்ததால் பாகூர்ப் பேருந்துக்காகவும் சிலர். மீதி இருந்தவர்கள் பார்த்தார்கள். முடிந்ததும் பேச யாருக்கும் விருப்பம் இல்லை. மறுபடி போடவா என்று அண்ணன் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. முதல் முறை அந்த மிருகத்தின் கண்ணைப் பார்த்தவர் திடுக்கிட்டார்; அந்தத் திடுக்கிடல் படத்தின் பாதி. இரண்டாம் முறை அதை எதிர்பார்த்து உட்கார்ந்தால் சாவு ஒரு காட்சியாகிவிடும், வெட்டின் நேர்த்தியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவோம் என்பது என் பயம். ஓவிய மாணவர்கள் இதை ஏற்கவில்லை. படுகளத்தில் துரியோதனன் வருடாவருடம் சாகும்போது யாரும் பழகிப்போவதில்லையே என்று என் வாதத்தையே என்மேல் திருப்பினார்கள். துரியோதனன் மண்ணால் செய்த உருவம், இந்த எருமை உயிரோடு இருந்தது என்றேன். அதோடு அன்றைக்கு நின்றது.

திரையிட்ட ஒவ்வொன்றுக்கும் உரிமை வைத்திருப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தோம். கட்டணமில்லாத சிறு திரையிடல் என்று தெளிவாக எழுதினால் பெரும்பாலானவர்கள் அக்கறையோடு பதில் போடுகிறார்கள். நல்ல தரமுள்ள கோப்பும் கிடைக்கிறது. இணையத்தில் கிடைப்பதை இறக்கிப் போடுவது சுலபம்தான். ஆனால் 'மாத்லைட்' மாதிரியான படத்தில் றெக்கையின் நரம்பு தெரிவதற்கும் பழுப்புப் புள்ளிகள் மட்டும் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. கூடத்தின் வாடகையும் சுண்டல் செலவும் வாசலில் வைத்த உண்டியலில் ஏறக்குறைய சரிக்கட்டின. வீடியோ அண்ணன் புரொஜெக்டருக்கு வாடகை வாங்க மறுத்துவிட்டார். அடுத்த தடவை படங்களைப் பத்து நாள் முன்பே தனக்குக் கொடுக்க வேண்டும், தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

அடுத்தது முதலியார்பேட்டையில். ஆறே முக்காலுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்து, பேருந்தைத் தவறவிடாமல் அனுப்ப வேண்டும். அதற்காகப் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறோம். இரண்டாம் முறையைக் குறைக்கப்போவதில்லை. சங்குப் படம் எடுத்த பெண் இப்போது காலைச் சங்கு, பகல் சங்கு, ராச்சங்கு என்று வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்துகொண்டிருக்கிறார்.